கந்தை கூறும் வரலாறு

நாட்டு வரலாறு எழுதப்புகுவோர் முதலில் நாடுவன கல்வெட்டு, செப்பேடு, அரசாணை, கணக்கேடு என்னும் எழுத்துச் சான்றுகளையே. இவை எங்கே தோன்றுகின்றன எனச் சற்று ஆராயின் ஓர் உண்மை புலப்படும். வரி தண்டும் இடத்திலும், விற்றல் வாங்கல் நிகழும் இடத்திலும், வழக்குத் தீர்க்கும் இடத்திலுமே இவை பெரும்பாலும் தோன்றுகின்றன. கற்பிட்டிக் கோட்டையை 1667 தொடக்கம் 1676 வரையிற் கட்டியெழுப்பிய ஒல்லாந்தர், கண்டி இராச்சியத்திலிருந்து புத்தளம் வழியாக வெளிச்சென்ற பாக்கையும், இந்தியக் கரையிலிருந்து வந்திறங்கிய புடவையையும் கண்காணித்தனர், கணக்கும் எழுதினர். அதனாலேயே அக்காலத்துப் புடவை வணிகத்தைப்பற்றி இன்று நாம் பேசமுடிகின்றது. ஆனால் அவ்வாறு வந்திறங்கிய புடவை ஒரு பெண்ணின் உடையாகி, ஆண்டுகள் பல கழிந்து நைந்து, ஈற்றில் அவள் பேரப்பிள்ளையின் படுக்கைவிரிப்பாகிய கதையை எந்தக் கணக்கேடும் கூறுவதில்லை. விற்ற பொருளுக்கு ஏடு உண்டு. உறவினர்க்குக் கொடுத்த பொருளுக்கு ஏடு இல்லை.

அங்ஙனமாயின், குடும்பத்தாருக்கெனக் கையாற் செய்து கொடுத்த பொருள்களின் வரலாற்றை அறியும் வழி யாது? அப்பொருள்களையே ஏடாகக் கொண்டு படிப்பதொன்றே வழியாகும். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது, பழந்துணிகளை அடுக்கித் தைத்து உறவினர்க்கு வழங்கும் போர்வை. வங்காளத்திற் கந்தா எனப்படும் இப்போர்வையை முதன்மையாகக் கொண்டு, அது நமக்குக் கூறும் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சொல்லும் பொருளும்

வடமொழியிற் 'கந்தா' என்னும் சொல் கந்தற்றுணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடையைக் குறிக்கும். தமிழிற் 'கந்தை' என வழங்குவதும் இதுவே. நம்மிடையே இச்சொல் வறுமையின் அடையாளமாய் நின்றுவிட்டது. கந்தையானாலும் கசக்கிக் கட்டுக என்னும் பழமொழியைச் சிறுவரும் அறிவர். அதே சொல் வங்காளத்திலோ பெருமைக்குரியதாயிற்று. அந்நாட்டார் நாவில் அது மூக்கொலியோடு கூடிய 'காந்தா' என ஒலிக்கும். படங்கள் நிறையத் தைக்கப்பட்ட போர்வையை 'நக்ஷிகந்தா' என்பர். 'நக்ஷி' என்பது சித்திர வேலைப்பாட்டைக் குறிக்கும் சொல்.

கந்தைக்கு மதிப்பளிக்கும் மரபு நம் தீவுக்கும் புதிதன்று. பௌத்தத் துறவியர் ஆதியில், பிறர் எறிந்த துணிகளைப் பொறுக்கிக் கழுவி இணைத்துச் சீவரமாக உடுத்தனர். மகத நாட்டு வயல்களின் வரப்புகள் அமைந்த முறையைக் காட்டி, அவ்வாறே துண்டுகளை இணைத்துச் சீவரம் அமைக்கும்படி புத்தர் ஆனந்தருக்குப் பணித்தார் என விநயபிடகம் கூறும். மழைக்கால உறைவு முடிந்தபின் இலங்கை விகாரைகளில் நிகழும் கட்டினப் பூசையிற் சீவரத்தை ஒரே நாளில் வெட்டித் தைத்துச் சாயமிட்டு முடிக்கவேண்டும் என்பது விதி. முழுத்துணி கிடைத்தவிடத்தும் அதனை வெட்டி மீளத் தைக்கின்றனர். துண்டுகளை இணைத்த ஆடையே துறவிக்குரியது என்னும் எண்ணம் அத்துணை உறுதியாக நிலைபெற்றுவிட்டது.

இந்துசமய வரலாற்றிலும் இதனையொத்த ஒரு செய்தி உண்டு. வங்காளத்து வைணவப் பெரியாரான சைதன்யர் (1486–1534) பூரியில் வாழ்ந்த காலத்தில், வாழைப்பட்டையின்மீது படுத்துறங்கி உடல் நொந்தார். அன்பராகிய ஜகதானந்தர் அதனைக் காணப் பொறாது, நல்ல துணி வாங்கிச் சாயந்தோய்த்து, இலவம்பஞ்சு அடைத்து, மெத்தையும் தலையணையும் செய்து கொடுத்தார். சைதன்யர் அவற்றை ஏற்க மறுத்தார். பின்னர்ச் சொரூப தாமோதரர் உலர்ந்த வாழையிலைகளை நகத்தால் நுண்ணிதாகக் கிழித்து, சைதன்யரின் பழைய மேலாடை இரண்டினுள் அடைத்துப் படுக்கையாக்கிக் கொடுத்தார். அதனை அவர் ஏற்றார். கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய சைதன்ய சரிதாமிருதத்தின் இறுதிக் காண்டம் இதனை விரித்துக் கூறுகின்றது. அவர் பயன்படுத்தியதெனக் கூறப்படும் கந்தையொன்று பூரியிலுள்ள கம்பீராவில் இன்றும் போற்றப்படுகின்றது. இரு படுக்கையும் அன்பினாற் செய்யப்பட்டனவே. எனினும், காசு கொடுத்து வாங்கியது விலக்கப்பட்டது. உடுத்து நைந்தது ஏற்கப்பட்டது. பழந்துணிக்கு அக்காலத்து வங்காளத்தார் அளித்த தகுதி இதனால் விளங்கும்.

ஆக்கும் முறை

கந்தா தைப்பதற்குத் தறியோ சட்டமோ வேண்டியதில்லை. வேண்டுவன பழைய சேலைகள், வேட்டிகள், ஓர் ஊசி, ஓய்வுநேரம் என்பனவே. பலமுறை தோய்த்து மென்மையடைந்த துணிகளைத் தரையில் விரித்து, ஒன்றன்மேலொன்றாக மூன்று முதல் ஐந்துவரை அடுக்குவர். கடுங்குளிருக்குரியதாயின் அடுக்கின் தொகை கூடும். சுருக்கங்களை நீவி, ஓரங்களிற் பாரம் வைத்து இழுத்துநிறுத்திப் பெரிய தையல்களால் முதலில் இணைத்துக்கொள்வர். இவ்வேலைக்குப் பலர் கை வேண்டும். தாயும் மகளும் அயலாரும் கூடியிருந்து செய்வர். இதன்பின் அதனை மடித்துவைத்து, சமையலும் வயல்வேலையும் முடிந்த நேரங்களிலே தனியே இருந்து தைத்துவரலாம்.

இதற்குரிய தையல், ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச்செல்லும் எளிய நூலோடுதலே. நம் பாடசாலைகளிற் சிறுமியர் முதலிற் பழகுவதும் இதுவே. தையல் எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும். நூலைச் சிறிது இழுத்துத் தைப்பதனால் துணி முழுவதும் நீரலைபோன்ற நுண்சுருக்கம் படியும். இச்சுருக்கமே கந்தாவின் தனியியல்பு. பண்டைய கந்தாக்களில் வண்ணநூலும் கடையில் வாங்கியதன்று. வங்காளப் பெண்கள் உடுத்த வெண்சேலைகளின் செந்நிற, நீலநிற, கருநிறக் கரைகளிலிருந்து இழைகளை உருவி எடுத்தே தைத்தனர். எனவே, துணியும் நூலும் ஆகிய இரண்டும் அவ்வீட்டாரின் உடலோடு பழகியவை.

நடுவில் விரிந்த தாமரை, நாற்கோணங்களில் மரம் அல்லது மாங்காய் வடிவு, இடையிடையே யானை, குதிரை, மீன், ஓடம், பல்லக்கு, தேர் என்பன பெரிதும் காணப்படும். பெரிய போர்வையொன்று முற்றுப்பெறப் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகளும் செல்லும். பாட்டி தொடங்கியதைப் பேர்த்தி முடித்த வழக்கும் உண்டு. ஒரு துணியில் இரு தலைமுறையின் கைவண்ணம் அமைவது இவ்வாறே.

யார் பொருட்டுத் தைத்தனர்?

கந்தாவின் பெயர்களே அதன் பயனைக் கூறும். குளிருக்குப் போர்ப்பது 'லேப்', விரிப்பது 'சுஜனி', நூல்களைச் சுற்றிவைப்பது 'பைதன்', கண்ணாடியும் சீப்பும் பொதிவது 'ஆர்சிலதா', தலையணைக்குரியது 'ஓர்'. பிறக்கவிருக்கும் குழந்தைக்கும், மணமுடித்துச் செல்லும் மகளுக்கும், வீட்டுக்கு வரும் மருமகனுக்கும், வெளியூர் செல்லும் மகனுக்கும், முதுமையடைந்த தந்தைக்கும் எனத் தனித்தனியே தைத்தனர். பொதுவாகத் தைத்து, வேண்டியபோது யாருக்கேனும் கொடுப்பது வழக்கமன்று. தைக்கத் தொடங்கும்போதே பெறுபவர் இன்னாரென்பது உறுதி.

இதற்குச் சான்றாக ஒரு கந்தாவைச் சுட்டுவாம். மானதாசுந்தரி என்னும் பெண் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே தைத்த சுஜனியொன்று, கொல்கத்தாவையடுத்த ஜோக்காவிலுள்ள குருசதய் நூதனசாலைத் திரட்டைச் சேர்ந்தது. தாமரையும் தெய்வ வடிவங்களும் மட்டுமன்றி, அக்காலத்து வெள்ளையரும் சிப்பாய்களும் அதிலே தைக்கப்பட்டுள்ளனர். தன் பெயரையும், தந்தைக்கெனத் தன் கையாற் செய்ததென்பதையும் அவள் நூலாலே எழுதியுள்ளாள். அவள் காலத்து வங்காளத்திற் பெண்களுட் பெரும்பாலார் எழுத்தறியாதவர். அவளைப்பற்றி அரசாங்க ஏடு எதனையும் நாம் தேடிச்செல்லவேண்டியதில்லை. அவள் வாழ்ந்தாள், எழுத்தறிந்தாள், ஆட்சியாளரைக் கண்ணாற் கண்டு கருத்திற் பதித்தாள், தந்தையிடத்து அன்புடையாள் என்னும் நான்கு செய்திகளையும் அத்துணியே கூறிவிடுகின்றது.

கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலுக்கும் இவ்வழக்கே அடிப்படை. கணவனைப் பிரிந்த கிராமப்பெண் ஒருத்தி தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு கந்தாவிலே தைத்து, தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு வேண்டுகிறாள் என்பது கதை. இக்கதை வங்காள முஸ்லிம் கிராமத்தில் நிகழ்வது. மானதாசுந்தரியோ இந்துப்பெண். கந்தா இரு சமயத்தாருக்கும் பொதுவான வழக்கென்பதற்கு வேறு சான்று வேண்டா.

விற்பனைக்குத் தைத்த போர்வை

இனி, இதே வங்காளத்திற் பிறந்த வேறொரு போர்வையை நோக்குவாம். பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தின் பெருந்துறைமுகமாய் விளங்கியது சாத்காவ். அங்குக் குடியேறி வணிகஞ் செய்த போர்த்துக்கேயர், உள்ளூர்த் தையற்காரரைக்கொண்டு வெண்பருத்தித் துணியில் மஞ்சள்நிறக் காட்டுப்பட்டு நூலாலே பெரிய போர்வைகளைத் தைப்பித்தனர். 'கொல்சா' எனப்படும் இவற்றிற் சாலமோன் மன்னனின் தீர்ப்பு முதலிய விவிலியக் காட்சிகளும், கிரேக்கப் புராண வீரரும், ஐரோப்பிய வேடரும், கப்பல்களும் இடம்பெற்றன. தைத்தவர் கண்டறியாத கதைகளை, வாங்குபவர் விருப்பத்திற்கிணங்கத் தைத்தனர் என்க. இங்கிலாந்தின் ஹார்டுவிக் மாளிகைக்கு 1601இல் எழுதப்பட்ட பொருட்பட்டியல், பறவைகளும் விலங்குகளும் தைக்கப்பட்ட மஞ்சள்நிற இந்தியப் போர்வையொன்றைக் குறிப்பிடுகின்றது. சரசுவதி ஆறு தூர்ந்து சாத்காவ் தளர்ந்தது. போர்த்துக்கேயர் ஊக்லிக்கு மாறினர். 1632இல் ஷாஜகானின் படை ஊக்லியைக் கைப்பற்றியது. எனினும் அவர்கள் கொண்டுசென்ற போர்வைகள் இலண்டன், லிஸ்பன், பொஸ்டன் நகர நூதனசாலைகளில் இன்றும் உள்ளன.

போர்த்துக்கேயர் வணிகம் நம் கரைக்கும் அயலானதன்று. 1659இல் ஒல்லாந்தர் கைப்பற்றும்வரை கற்பிட்டி அவர்கள் வசமிருந்தது. கமிசை, லேஞ்சி, துவாய், சப்பாத்து, அல்பினேத்து என நாம் நாடோறும் வழங்கும் உடைசார்ந்த சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. ஆதலின், வணிகப்புடவையின் வழித்தடம் நம் நாவிலும் பதிந்துள்ளது எனலாம்.

இப்போது இவ்விரு போர்வைகளையும் ஒப்புநோக்குக. கொல்சாவைப்பற்றிப் பயணிகள் எழுதினர். கம்பனிக்காரர் கடிதம் வரைந்தனர். மாளிகைக் காரியக்காரர் பட்டியலிட்டனர். ஆனால் அதைத் தைத்தவர் ஒருவரின் பெயரையேனும் நாம் அறியோம். கந்தாவைப்பற்றி எவரும் எழுதிற்றிலர். ஆனால் தைத்தவள் பெயரும், பெற்றவர் உறவும் அதன்மீதே உள்ளன. முன்னையது புதுத்துணி, புதுநூல், பிறர் கதை. பின்னையது பழந்துணி, பழநூல், தன் கதை. வணிக ஏடுகளை மட்டும் நம்பி எழுதும் வரலாறு முன்னையதை முழுமையாக அறிந்து, பின்னையதை அறவே இழந்துவிடும்.

பிறவிடத்து உறவுப் போர்வைகள்

இவ்வழக்கு வங்காளத்தோடு அமையவில்லை. பீகாரில் 'சுஜனி' என்னும் பழந்துணிப் போர்வை புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் பொதிவதற்குரியது. தாயின் அணைப்புப்போல் மென்துணி குழந்தையைச் சூழவேண்டுமென்பதும், கந்தல்களுக்குரிய சிதிரியா அன்னை என்னும் தெய்வம் அதனைக் காக்கும் என்பதும் அங்குள்ளார் நம்பிக்கை. சிந்து, இராஜஸ்தான், குஜராத்துப் பகுதிகளில் 'ரல்லி' என்னும் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தாயும் உறவுப்பெண்களும் தைத்து மணமகளுக்குச் சீதனமாக அளிப்பர்.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு முதலிய பகுதிகளில் வாழும் சித்தியர், போர்த்துக்கேயராலும் பிறராலும் மேற்குக்கரைக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். அவர்களுட் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவை நோக்கித் தைத்துச்செல்வது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளை வைத்துத் தைப்பர். 'பூ' எனப் பொருள்படும் பெயருடைய இவை இல்லாத போர்வை நிறைவுடையதாகாது. அச்சமூகத்திற் கிறித்தவர் சிலுவையையும் முஸ்லிம்கள் பிறையையும் சேர்ப்பதுண்டு. தொட்டிற்குழந்தைக்குத் தைப்பதிற் சிறுதுண்டுகள் நிறைய இருக்கும். புத்தளத்தையடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரையும் இந்துசமுத்திரத்தின் குறுக்கே கொணர்ந்தது ஐரோப்பியரின் கடலாட்சியே. இங்குள்ளார் தம் முன்னோர் நினைவைப் பாட்டிலும் தாளத்திலும் காத்தனர். அங்குள்ளார் துணியிலும் காத்தனர்.

மேலைநாட்டிலும் ஒரு சான்று காண்க. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு சூழ்ந்த கீஸ்பெண்ட் என்னும் ஊரிற் கறுப்பின உழவர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் முன்னோர் பருத்தித்தோட்ட அடிமைகள். அங்கு மிசூரி பெற்வே என்பவர், 1942இற் கணவர் இறந்தபின் அவரது வேலையுடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளிறிய இடமும் முழங்காலில் நைந்த இடமும் அதிலே தெரியும். 2002 தொடக்கம் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன், நியூயோர்க் முதலிய நகர நூதனசாலைகளிற் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்றன. ஆயினும் அவை முதலிற் செய்யப்பட்டது புகழுக்கன்று. பிள்ளைகள் குளிரால் நடுங்காதிருத்தற்கே.

வேறுவேறு நிலத்தாரும் இனத்தாரும் தம்முட் கலந்துபேசாமலே ஒரே வழக்கத்தை மேற்கொண்டமைக்குக் காரணம் யாது? வறுமை என்று மட்டும் கூறின் அது பாதியுண்மையே. துணி அரிதாயிருந்த காலத்தில் எதனையும் எறிய மனம் வாராது என்பது மெய். ஆனால் செல்வர் வீட்டிலும் குழந்தைக்குப் பழந்துணியையே விரித்தனர். உடுத்தவரின் நல்லாசியும் காவலும் துணியோடு செல்லும் என்னும் நம்பிக்கையே மற்றப் பாதியாகும்.

நம் கரையில் உள்ளவை

கற்பிட்டிக் குடாநாட்டில், பள்ளிவாசல்துறை போன்ற மணற்பாங்கான கரையூர்களிற் கந்தா போன்ற தடித்த போர்வை தோன்றாமைக்குக் காரணம் தட்பவெப்பமே. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் வெப்பமே மிகுதி. குளிர்மிக்க மலைநாட்டுத் தோட்டங்களிலோ தொழிலாளருக்குக் கம்பளி வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் அதன் விலை தொழிலாளியின் பேரிற் பற்றெழுதப்பட்டது. ஆகவே, அங்கும் போர்வை கணக்கேட்டிற்குள் வந்துவிட்டது.

ஆயினும் கந்தாவின் உட்கருத்து நம்மிடம் இல்லாமற்போகவில்லை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியிற் கிடத்தாது, பலமுறை தோய்த்த பழஞ்சேலைத் துண்டிலே கிடத்துதல் தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஏணை கட்டுவதற்கும் தாயின் அல்லது பாட்டியின் பழஞ்சேலையையே எடுப்பர். புதுத்துணியின் கஞ்சியும் முரட்டுத்தன்மையும் பிஞ்சுடலை உறுத்தும் என்பது அறிவுசார்ந்த காரணம். தாயின் சேலைமணம் குழந்தையை அமைதிப்படுத்தும் என்பது அனுபவம். வங்காளத்துத் தாய் அடுக்கித் தைக்கிறாள். நம் தாய் தைக்காமலே தொங்கவிடுகிறாள். இரண்டின் நோக்கமும் ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தைத்த கந்தா நூறாண்டு நின்று சான்று கூறுகின்றது. ஏணைச்சேலை பயன்முடிந்ததும் கிழிந்து அடுப்படித் துணியாகி மறைந்துவிடுகின்றது.

படுக்கையைப் பொறுத்தவரையில் தமிழர் கைத்திறன் பாயிலேயே வெளிப்பட்டது. நம் நாட்டிற் பன்னாலும் பனையோலையாலும் பாய் இழைத்தனர். தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிற் கோரைப்புல்லை நுண்ணிதாகக் கிழித்துப் பட்டுப்போல மடியும் பாய் நெய்கின்றனர். அங்கு நெய்பவருட் பலர் முஸ்லிம் பெண்கள். திருமணத்திற்கு மணமகன், மணமகள் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுப்பது அவ்வூரின் சிறப்பு. பரிசுப்பொருளிற் பெயர் பொறிக்கும் கந்தா மரபுக்கு நம் மொழியார் நடுவேயுள்ள இணை இதுவெனலாம்.

மறைவும் மறுமலர்ச்சியும்

ஆலைத்துணியும் மலிவான கம்பளியும் பரவியபின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நுண்வேலைக் கந்தா அருகத் தொடங்கியது. அதனை வரலாற்றுப் பொருளாக முதலில் உணர்ந்தவருள் ஒருவர், இந்தியக் குடிமைப்பணியில் மாவட்ட ஆட்சியாளராயிருந்த குருசதய் தத்தர் (1882–1941). கிராமங்களுக்குப் பணிநிமித்தம் செல்லுந்தோறும் அவற்றைத் தேடிச் சேர்த்த அவர், 1932இற் கொல்கத்தாவிலே காட்சிக்கும் வைத்தார். அவர் திரட்டைக் கொண்ட நூதனசாலை 1963இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கொல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் (1896–1993) 1939இற் கந்தாவைப்பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அவர் சேர்த்தவை பின்னர்ப் பிலடெல்பியா நூதனசாலையை அடைந்தன. 1947இன் பிரிவினையில், கந்தாவுக்குப் பேர்போன யசோகர், குல்னா, பரீத்பூர், மைமன்சிங்கு முதலிய மாவட்டங்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிற் சேர்ந்தது. எல்லைகடந்த குடும்பங்கள் பல தம் பழம்பொருள்களை இழந்தன.

1971இல் வங்காளதேசம் உருவாகியபின், போரினால் ஆதரவிழந்த பெண்களுக்குத் தொழிலளிக்கும் பொருட்டுக் கந்தாத்தையல் புத்துயிர் பெற்றது. 1978இல் தொடங்கிய ஆரோங் முதலிய நிறுவனங்கள் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தன. மேற்கு வங்காளத்து நக்ஷிகந்தாவுக்கு 2008இற் புவிசார் குறியீடு கிடைத்தது. கந்தாக் கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமி 2023இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல்லாயிரம் பெண்களுக்கு ஊசி இன்று உணவளிக்கின்றது. இதனைக் குறைகூறுதல் தகாது. கணவனை இழந்தவளுக்குக் கூலியாய் அமைந்த கலை, அவளுக்கு மதிப்பையும் அளித்தது.

எனினும் வரலாற்று மாணவன் ஒரு மாற்றத்தைக் கருதாமல் விடலாகாது. இன்று விற்பனைக்குத் தைக்கப்படுவன பெரும்பாலும் புதுப்பட்டும் புதுநூலும். படத்தை ஒருவர் வரைந்துகொடுக்க, மற்றொருவர் தைக்கின்றார். பெறப்போகும் ஆள் யாரென்பது தைப்பவருக்குத் தெரியாது. ஆகவே நானூறாண்டு கழித்துச் சாத்காவ்ப் போர்வையே மீண்டும் வந்துள்ளது எனலாம். கலை பிழைத்தது; கடிதமாயிருந்த தன்மை குறைந்தது. பழைய கடிதங்களைக் காத்துவந்த குருசதய் நூதனசாலையோ, இந்திய அரசின் புடவைத்துறை அமைச்சு 2017இல் நிதியுதவியை நிறுத்தியபின் பெரும் இடர்ப்பாட்டுக்குள்ளாயிற்று.

நாம் செய்யத்தக்கது

இவ்வாராய்ச்சியால் நமக்கு வருவது யாது என வினவலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வந்து குடியேறினர். பலர் வீட்டுப்பொருளை மட்டுமன்றி, உறுதி, பிறப்புச்சான்று, நிழற்படம் என்னும் ஏடுகளையும் விட்டு வந்தனர். வேறு போர்க்கால இடப்பெயர்வுகளில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இத்தகையதே. ஏடிழந்த குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது மூத்தோர் நினைவும், அகப்பட்டதைச் சுற்றிக்கொண்டுவந்த ஒரு சேலையும், ஒரு பாயும், ஒரு போர்வையுமே. அத்தகைய பொருளொன்று இன்றும் ஒரு வீட்டிலே பெட்டியின் அடியிற் கிடப்பின், அதனையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவேண்டும். அதன் கதையை அறிந்தவர் மறைந்தபின் அது வெறுந்துணியாகிவிடும்.

ஆதலின் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு கைவேலைப் பொருளைத் தெரிந்து, செய்தவர் யார், யாருக்குச் செய்தார், எவ்வாண்டில், எந்த ஊரில், எத்துணியால் அல்லது எப்புல்லால், பின்னர் யார் யார் கைக்கு மாறியது என்னும் ஆறு வினாக்களுக்கு விடை எழுதுதல் நன்று. பாட்டியையும் அம்மம்மாவையும் கேட்டால் அரைமணி நேரத்தில் விடை கிடைக்கும். உயர்தர வகுப்பு வரலாற்று மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. வேற்றுச் சமயத்தார் வீட்டு விடைகளையும் சேர்த்து வைப்பின், ஒரு கரையின் முழுவரலாறு உருவாகும். ஆண்டுதோறும் அவற்றை நூல்நிலையத்தில் ஒரு கோவையாகக் கட்டிவைத்தால், இருபதாண்டிலே இம்மாவட்டத்துக்கு வேறெங்கும் கிடையாத ஆவணத்தொகுதி ஒன்று அமைந்துவிடும். கோட்டையிலிருந்து எழுதிய ஒல்லாந்தர் கணக்கு, பாக்கின் நிறையையும் புடவையின் விலையையும் கூறும். அப்புடவையைப் பேரப்பிள்ளைக்கெனக் கிழித்து விரித்த கை எவருடையது என்பதைக் கூறும் ஏட்டை நாமே எழுதவேண்டும்.